தோளில் தொங்கும் நாலரைக் கிலோ: பேஸ் கிட்டார் ஸ்ட்ராப் பற்றிய நம்பிக்கைகளும் உண்மைகளும்

பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவர் பிக்கப் எப்படி, மரம் என்ன, கழுத்து கைக்கு அடக்கமா என்று நாலு கடை ஏறி இறங்குவார். எல்லாம் முடிந்து பில் போடும் நேரத்தில் “ஒரு பெல்ட்டும் சேர்த்துப் போடுங்க” என்பார். கடைக்காரரும் கைக்கு எட்டியதை எடுத்துப் போடுவார். அதற்குப் பிறகு மொத்தக் கருவியும் அந்தப் பெல்ட்டை நம்பித்தான் தொங்கப்போகிறது. மூன்று மணி நேர வரவேற்புக் கச்சேரியைத் தோள் தாங்குமா என்பதும் பாதி அதன் கையில்தான் இருக்கிறது.

ஸ்ட்ராப்பைப் பற்றி வாசிப்பவர்கள் சொல்லும் ஆலோசனைகள் பெரும்பாலும் பட்டையின் நடுப்பகுதியைப் பற்றியவை: அகலம், மெத்தை, தோல், விலை. கருவி கீழே விழுவதோ பட்டையின் இரண்டு முனைகளால். இந்த ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டால் பல நம்பிக்கைகள் தாமாகவே ஆட்டம் காணும்.

நம்பிக்கை: கிட்டாருக்குப் போட்ட ஸ்ட்ராப்பே பேஸுக்கும் போதும்

உண்மை: மாட்டலாம், தொங்கும். இரண்டு பாட்டு வரை வித்தியாசமும் தெரியாது. லியோ ஃபெண்டரின் பிரிசிஷன் பேஸ் 1951-இல் வந்து பரவும் வரை, மேற்கத்திய இசைக்குழுவில் பேஸ் என்றால் ஆளைவிட உயரமாக நிற்கும் டபுள் பேஸ்தான். அதன் பாரத்தைத் தரை சுமந்தது. ஃபெண்டரின் கருவி அந்தச் சுமையைத் தோளுக்கு மாற்றியது. அதன் அதிரும் கம்பி நீளம் 34 அங்குலம். அதே நிறுவனத்தின் எலக்ட்ரிக் கிட்டாரில் 25.5 அங்குலம்தான். கழுத்து நீளம், கம்பி தடிமன், ட்யூனிங் கீ எல்லாமே பேஸில் பெரிது. எலக்ட்ரிக் கிட்டார் பொதுவாக மூன்று, மூன்றரைக் கிலோ இருக்கும். பேஸ் நான்கு, நாலரை. 1970-களின் ஆஷ் மரப் பேஸ்களில் 5 கிலோவைத் தொடுபவையும் உண்டு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டை தோளில் 15 செ.மீ. நீளத்துக்குப் படிகிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமான 5 செ.மீ. கிட்டார் ஸ்ட்ராப்பில் 4.5 கிலோ பேஸைத் தொங்கவிட்டால், ஒவ்வொரு சதுர செ.மீ.க்கும் 60 கிராம் இறங்குகிறது. 9 செ.மீ. பட்டை என்றால் அதுவே 33 கிராம்தான். பாரம் குறையவில்லை, பரவுகிறது. முதல் மணி நேரத்தில் இது பெரிதாகத் தெரியாது; மூன்றாவது மணி நேரத்தில் தோள்பட்டை எலும்பே சொல்லிவிடும்.

நம்பிக்கை: அகலம் கூடக் கூட நல்லது

உண்மை: ஓர் எல்லை வரைதான். தோள் தட்டையான பலகை இல்லை. கழுத்திலிருந்து சரிந்து இறங்குகிறது. 10 செ.மீ. தாண்டிய பட்டை குறுகிய தோளில் முழுதாகப் படியாது. ஒரு விளிம்பு கழுத்துச் சதையில் அறுக்கும், மறு விளிம்பு அந்தரத்தில் நிற்கும். அப்போது பாரத்தைச் சுமப்பது அந்த ஒற்றை விளிம்புதான். கொடுத்த காசுக்கு வாங்கிய அகலம் வீண். பெரும்பாலானவர்களுக்கு 7.5 முதல் 9 செ.மீ. வரை பொருந்தும். ஒல்லியானவர்களும் சிறுவர்களும் 6 செ.மீ.யிலிருந்தே போட்டுப் பார்க்கலாம். கழுத்தையொட்டி வளைவாக வெட்டிய பட்டைகளும் கிடைக்கின்றன.

எவ்வளவு அகலமானாலும் சுமப்பது ஒரே தோள் என்பது மாறாது. கழுத்திலிருந்து கைக்கு ஓடும் நரம்புக் கூட்டம் காறை எலும்புக்கு அடியில் செல்கிறது. விரல் மரத்துப்போவது, கை குத்துவது என்று தொடர்ந்து இருந்தால் அடுத்த ஸ்ட்ராப்பைத் தேடாமல் மருத்துவரைப் பாருங்கள். ஒத்திகையில் பாதி நேரம் உட்கார்ந்து வாசிப்பது, எந்தப் பட்டையும் தராத ஓய்வைத் தரும்.

நம்பிக்கை: நியோப்ரீன் ஸ்ட்ராப் போட்டால் எடை பாதியாகிவிடும்

உண்மை: எடை ஒரு கிராம்கூடக் குறையாது. நியோப்ரீன் என்பது முக்குளிப்போர் உடைகளுக்குப் பயன்படும் நீளும் ரப்பர். நடக்கும்போதும் திரும்பும்போதும் கருவி தோளில் கொடுக்கும் சின்னச் சின்ன அதிர்ச்சிகளை அது வாங்கிக்கொள்வதால் லேசானது போலத் தோன்றும். தோள்வலி உள்ளவர்களுக்கு அந்த நிம்மதி பொய்யில்லை. ஆனால் நீளும் பொருள் துள்ளும். ஸ்லாப் அடிக்கும் கட்டைவிரலுக்குக் கம்பி எப்போதும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும். ஒவ்வொரு அடிக்கும் பேஸ் மேலும் கீழும் அசைந்தால் தாளம் கட்டாது. ஒரே இடத்தில் நின்று விரலால் வாசிப்பவருக்கு அது சரிப்படும். மேடை முழுக்க ஆடுபவருக்கு நீளாத தோலோ, பருத்தியோ, கார் சீட் பெல்ட் நெசவோதான் உதவும்.

மெத்தைக்கும் இதே கதைதான். கடையில் விரலால் அமுக்கிப் பார்த்தால் பஞ்சு மெத்தென்றிருக்கும். நாலரைக் கிலோ ஏறினால் மலிவான பஞ்சு அப்பளமாகிவிடும். அமுக்கிய விரலை எடுத்ததும் உடனே பழைய நிலைக்கு வருகிறதா என்று பாருங்கள்.

நம்பிக்கை: தலைப்பக்கம் சாயும் பேஸை நல்ல ஸ்ட்ராப் சரிசெய்துவிடும்

உண்மை: மறைக்கும், சரிசெய்யாது. கையை எடுத்ததும் சில பேஸ்களின் தலை தரையைப் பார்த்து இறங்கும். காரணம் கருவியின் அமைப்பு. பிரிசிஷன், ஜாஸ் பேஸ்களில் மேல்கொம்பு நீண்டு 12-ஆம் ஃப்ரெட் பக்கம் வரை எட்டுகிறது. பட்டையை மாட்டும் ஸ்ட்ராப் பட்டன் அதன் நுனியில். அதனால் இரு பக்கமும் ஏறக்குறைய சமன்படும். 1963-இல் வந்த கிப்ஸன் தண்டர்பேர்டிலும் அதே நிறுவனத்தின் எஸ்ஜி வடிவப் பேஸ்களிலும் பட்டன், உடலின் பின்புறம் கழுத்தின் அடிப்பக்கமாக அமைந்தது. நீண்ட கழுத்தும் கனத்த கீகளும் பட்டனுக்கு வெளியே போய்விட்டதால் தலை கனக்கிறது.

உட்புறம் ஸ்வேட் தோல் வைத்த அகலமான ஸ்ட்ராப் இங்கே சட்டைத் துணியைக் கவ்விப் பிடிக்கும். அதன் உராய்வுதான் கழுத்தை நிறுத்துகிறது. பருத்திச் சட்டையில் இது நன்றாக வேலை செய்யும். பட்டு ஜிப்பாவிலும் குழுவின் பளபள கோட்டிலும் வழுக்கிவிடும். அல்லது சட்டைக் காலரையே ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். உராய்வு போதாத ஒவ்வொரு நொடியும் இடது கை கழுத்தைத் தூக்கிப் பிடித்தபடியே சுரமும் பிடிக்கிறது. அந்தக் கை சீக்கிரம் களைத்துப்போவதில் வியப்பில்லை.

நிலையான தீர்வு வேறு இடத்தில் இருக்கிறது. துலாக்கோலின் நுனியில் ஒரு குன்றிமணி கூடினாலும் தட்டு இறங்குவதுபோல, கழுத்து நுனியில் கழிக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் மதிப்பு அதிகம். எடை குறைந்த ட்யூனிங் கீ மாட்டினால் பல பேஸ்களில் சாய்வு நன்றாகக் குறையும். பட்டனை வேறு இடத்துக்கு மாற்றுவது இன்னொரு வழி. அதைக் கைதேர்ந்தவரிடம் விடுங்கள். நெட் ஸ்டைன்பெர்கர் 1980 வாக்கில் தலையே இல்லாத பேஸைக் கொண்டுவந்து, கீகளை உடலின் அடிப்பக்கம் வைத்தார். தலை இல்லாத இடத்தில் தலைக்கனமும் இல்லை.

நம்பிக்கை: விலை உயர்ந்த தோல் ஸ்ட்ராப் கழன்று விழாது

உண்மை: புதிதாக இருக்கும்வரை விழாது. தோல் முனையைக் கையில் எடுத்துப் பாருங்கள். ஒரு துளை, அதிலிருந்து ஒரு சிறு வெட்டு. பட்டனின் தலையை அந்த வெட்டு வழியாகத் திணித்து உள்ளே தள்ளுகிறோம். புதுத் தோலில் இதற்குக் கட்டைவிரல் நோக வேண்டும். அந்த இறுக்கம்தான் பாதுகாப்பு. நூறு முறை மாட்டிக் கழற்றிய பிறகு துளை நீள்வட்டமாகும், வெட்டின் உதடுகள் விரிந்து நிற்கும். நம் ஊர் வியர்வையும் சேர்ந்தால் தோல் இன்னும் சீக்கிரம் தளரும்.

விழும் விதமும் பெரும்பாலும் ஒன்றுதான். வாசித்துக்கொண்டிருக்கும்போது பட்டை விறைப்பாக இருப்பதால் அவ்வளவு எளிதில் கழலாது. ஆம்பின் குமிழைத் திருப்பக் குனியும்போது கருவி தொடையில் சாய்ந்து பின்பக்கப் பட்டை தளர்கிறது. தளர்ந்த முனை அரைச் சுற்றுத் திரும்பி, வெட்டு பட்டனின் தலைக்கு நேராக வருகிறது. நிமிரும்போது பட்டனைவிட்டு ஏறி வெளியே வந்துவிடுகிறது. அடுத்த நொடி கருவி கவிழ்கிறது. தலை பின்னோக்கிச் சாய்ந்த மஹோகனிக் கழுத்துப் பேஸ் என்றால் தலை கழுத்தோடு சேரும் இடத்தில் முறியும் வாய்ப்பு அதிகம். நேரான மேப்பிள் கழுத்து கொஞ்சம் தாங்கும்.

ஆகவே விலைச்சீட்டைப் பார்ப்பதைவிட முனையைப் பாருங்கள். தோல் தடிமனாக, இரண்டு அடுக்காகத் தைத்ததாக இருக்க வேண்டும். நெசவுப் பட்டையோடு சேரும் இடத்தில் குறுக்குத் தையல் இருக்க வேண்டும். நைலான் பட்டை என்றால் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் பக்கிளைக் கவனியுங்கள். பிளாஸ்டிக் பக்கிளில் பட்டை கொஞ்சம் கொஞ்சமாக நழுவி, கச்சேரி முடிவில் பேஸ் இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும்.

நம்பிக்கை: லாக் மாட்டிவிட்டால் கவலையே வேண்டாம்

உண்மை: பட்டையின் முனையைப் பட்டனோடு பூட்டும் லாக் நல்ல முதலீடு, பராமரித்தால். பரவலாகக் கிடைப்பவை இரண்டு வகை. ஜெர்மனியின் ஷாலர் லாக்கில், பட்டையில் பொருத்திய லாட வடிவத் துண்டு பட்டனைச் சுற்றி உட்கார, ஒரு ஸ்பிரிங் ஊசி அதைப் பிடித்துக்கொள்ளும். லாடத்தின் திறந்த பக்கம் மேலே பார்க்கும்படி மாட்டினால், ஊசி பழுதானாலும் கருவி லாடத்திலேயே தொங்கி நிற்கும். டன்லப் லாக்கில் ஒரு தண்டு பட்டனின் குழிக்குள் போய்ச் சிறு குண்டுகளால் பூட்டிக்கொள்ளும். நடுப்பொத்தானை அழுத்தினால் விடுபடும். அது முழுதாக உள்ளே போகாமல் பாதியில் நின்றால் தெரியாது. மாட்டியதும் பட்டையை ஒரு முறை வெடுக்கென இழுத்துப் பார்ப்பது கட்டாயம். ஒரு வகையின் பட்டனில் மற்றதன் பட்டைப் பகுதி சேராது என்பதால், இரண்டு மூன்று பேஸ் வைத்திருப்பவர்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வகையை வாங்குவதே புத்தி.

பழைய ஷாலர் வகையில் பட்டையை இறுக்கும் நட்டு அதிர்வில் தளரும். மாதம் ஒருமுறை முறுக்குங்கள். அதைவிட முக்கியம், பட்டனை மரத்தோடு பிடித்திருக்கும் ஸ்க்ரூ. லாக்குடன் வரும் ஸ்க்ரூ பழையதைவிட மெல்லியதாக இருந்தால் அதே துளையில் ஆடும். லாக் திறக்காது, ஸ்க்ரூ மரத்தோடு பிய்ந்து வரும். துளை தளர்ந்திருந்தால் பல் குத்தும் குச்சிகளை ஃபெவிகாலில் தோய்த்து நெருக்கமாகத் திணித்து, மேலே நீட்டுவதை ஒடித்துவிட்டு, ஒரு நாள் காயவிடுங்கள். பிறகு ஸ்க்ரூவின் மரையில் கொஞ்சம் மெழுகு தடவிக் கையாலேயே முறுக்குங்கள். மறுபடியும் கெட்டியாகப் பிடிக்கும்.

செலவே இல்லாத வழியும் உண்டு. கிரோல்ஷ் என்ற டச்சு பீர் பாட்டில் மூடியின் ரப்பர் வளையத்தைப் பட்டைக்கு மேலாகப் பட்டனில் இழுத்து மாட்டுவது மேல்நாட்டு வாசிப்பாளர்களின் பழைய உத்தி. அதே அளவில் இறுக்கமான ரப்பர் வாஷர் நம் ஹார்டுவேர் கடைகளிலும் கிடைக்கும். அழகில்லை, ஆனால் பிடிக்கும். ரப்பர் வெடிப்பு விட்டால் மாற்றிவிடுங்கள்.

நம்பிக்கை: தாழ்த்தி மாட்டினால்தான் பேஸ் வாசிப்பவருக்குக் கெத்து

உண்மை: ரமோன்ஸ் குழுவின் டீ டீ ரமோனும் நியூ ஆர்டரின் பீட்டர் ஹுக்கும் தொடைவரை தொங்கவிட்டு வாசித்தார்கள், லெவல் 42-இன் மார்க் கிங் மார்புவரை ஏற்றி மாட்டி ஸ்லாப் அடித்தார். அவரவர் உயரம் அவரவர் இசைக்கானது. பிக்கை வைத்துக் கீழ்நோக்கியே அடிக்கும் டீ டீக்குத் தாழ்வு ஒத்துவந்தது. நாலு விரலும் விரித்து முதல் ஃப்ரெட்டிலிருந்து ஐந்தாவதுவரை ஓடுகிறவருக்கு, தாழ்த்தத் தாழ்த்த இடது மணிக்கட்டு மடங்கும். மடங்கிய மணிக்கட்டில் விரல் தசைநாண்கள் நெருக்கிக்கொண்டு ஓட வேண்டியிருக்கும். மிகவும் ஏற்றினால் அதே தொல்லை வலது மணிக்கட்டுக்கு வரும்.

உட்கார்ந்து பேஸை மடியில் வைத்து, வசதியாக வாசிக்கும் நிலையைக் கவனியுங்கள். எழுந்து நின்றாலும் கருவி அதே உயரத்தில் நிற்கும்படி பட்டையைச் சரிசெய்யுங்கள். வீட்டில் உட்கார்ந்து பழகிய விரல்கள் மேடையில் புதிதாக ஒன்றைக் கற்க வேண்டியதில்லை. அங்கிருந்து ஓரிரு அங்குலம் இறக்கிக்கொள்வது உங்கள் விருப்பம்.

நம்பிக்கை: ஸ்ட்ராப்பைக் கழற்றாமலே பெட்டியில் வைக்கலாம்

உண்மை: பாலியூரிதேன் பூச்சுள்ள இன்றைய பேஸ்களில் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. பழைய ஃபெண்டர்களும் கிப்ஸன்களும் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு கொண்டவை. வினைல், ரப்பர், சில வகைச் சாயம் போட்ட பட்டைகள் மாதக்கணக்கில் அதன்மேல் கிடந்தால் பூச்சு இளகிக் கறை விழும். கழற்றித் தனியே சுருட்டி வையுங்கள். வியர்வை ஊறிய பட்டையைக் காயவிடாமல் மூடிவைப்பது தோலுக்கும் ஆகாது, பட்டனுக்கும் ஆகாது; அது துருப்பிடிக்கும்.

ஆக, வாங்கப் போகும்போது உங்கள் பேஸையும், மேடையில் போடும் சட்டையையும் கூடவே கொண்டுபோங்கள். மாட்டி, இரு கைகளையும் எடுத்து, கழுத்து எங்கே நிற்கிறது என்று பாருங்கள். குனிந்து நிமிருங்கள். பத்து நிமிடமாவது நின்று வாசியுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை இருக்கிறது. கையிலுள்ள பணம் நல்ல பட்டைக்கும் நல்ல லாக்குக்கும் சேர்ந்து போதவில்லை என்றால், பட்டையில் ஒரு படி இறங்குங்கள், லாக்கில் இறங்காதீர்கள். சுமாரான பட்டை தோளை வலிக்கவைக்கும், மறுநாள் சரியாகிவிடும். முறிந்த கழுத்து அப்படிச் சரியாகாது.