வேன் ஜன்னல் ஒழுகுகிறதா? முதன்முறை செய்பவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ஒரு காலை. நான் ஓட்டும் பள்ளி வேனில், மூன்றாவது வரிசை ஜன்னலோரம் இருந்த இரண்டாம் வகுப்புக் குழந்தை புத்தகப் பையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்து படுத்திருந்தாள். தூங்குகிறாள் என்று நினைத்தேன். பள்ளி வாசலில் இறக்கிவிடும்போதுதான் கவனித்தேன், முதுகுப் பக்கம் சட்டை முழுக்க ஈரம். “ஜன்னல மூடித்தான் வச்சேன் மாமா, அப்பவும் தண்ணி வருது” என்றாள். நோட்டு நனையக்கூடாதென்று முதுகைக் கொடுத்திருக்கிறாள்.

அன்று சாயங்காலமே ஒரு சிலிக்கான் டியூப் வாங்கி, அந்த ஜன்னலின் அடிப்பக்கம் இண்டு இடுக்கு தெரியாமல் பூசினேன். மறுநாள் முன்னைவிட அதிகமாக ஒழுகியது. ஏன் அதிகமானது என்று புரிந்துகொண்டால் இந்த வேலையில் பாதி முடிந்த மாதிரி.

தண்ணீர் வரத்தான் செய்யும், போக வழி வேண்டும்

ஆம்னி, ஈகோ வேன்களின் பக்கக் கதவிலும் ட்ராவலர் வகை வேன்களிலும் இருக்கும் நகரும் கண்ணாடிகளுக்குப் பொதுவான ஒரு தத்துவம் உண்டு. கண்ணாடி நகர வேண்டுமென்றால் அதற்கும் சட்டத்துக்கும் நடுவே கொஞ்சம் இடைவெளி இருந்தே தீரவேண்டும். அந்த இடைவெளி வழியாக மழைத்தண்ணீர் கீழே உள்ள சேனலுக்குள் இறங்கும். அது கோளாறு இல்லை, அமைப்பே அப்படித்தான். இறங்கிய தண்ணீர் வெளியேறுவதற்காக, சேனலின் வெளிப்பக்கம் சின்னச் சின்னத் துளைகளோ கீறல் போன்ற திறப்புகளோ வைத்திருப்பார்கள். சேனலின் உட்சுவர் வெளிச்சுவரைவிட உயரமாக இருக்கும். தண்ணீர் நிரம்பினாலும் வெளியேதான் வழிய வேண்டும் என்பதற்காக.

துளை அடைத்துக்கொண்டால் சேனல் தொட்டியாகிவிடும். வேன் வளைவில் சாயும்போதோ பிரேக் போடும்போதோ தொட்டியில் நின்ற தண்ணீர் உட்சுவரைத் தாண்டி சீட்டில் கொட்டும். வெயில் நாளிலும் “மழையே இல்லையே, எப்படி நனைந்தது?” என்று சிலர் கேட்பது இதனால்தான். காலையில் வண்டியைக் கழுவிய தண்ணீர் மதியம் வரை உள்ளே நின்றிருக்கும். நான் சிலிக்கான் பூசி அடைத்தது அந்தத் துளைகளைத்தான்.

என்னென்ன எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்

பெரிய செலவு ஒன்றும் இல்லை. பழைய பல் துலக்கும் பிரஷ், தென்னை ஈர்க்குச்சி நான்கைந்து, ஊசி இல்லாத சிரிஞ்சு, டார்ச், முகப்பவுடர், பழைய நாளிதழ், பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீர், பருத்தித் துணி, மாஸ்கிங் டேப். சீலன்ட் தேவையா, எது தேவை என்பது சோதித்த பிறகுதான் தெரியும். முன்கூட்டியே வாங்கிவிட்டால் கை சும்மா இருக்காது, தேவையில்லாத இடத்திலும் பூசச் சொல்லும்.

முதல் படி: எங்கிருந்து வருகிறது என்று பிடியுங்கள்

இந்தப் படியில்தான் பொறுமை வேண்டும். ஈரம் தெரியும் இடமும் தண்ணீர் நுழையும் இடமும் பெரும்பாலும் ஒன்றாக இருப்பதில்லை. கூரையில் நுழையும் தண்ணீர் உள்தகட்டின் வழியாக ஓடிவந்து ஜன்னல் மூலையில் சொட்டும். பழி ஜன்னல்மேல் விழும்.

வேனைச் சமதரையில் நிறுத்துங்கள். சரிவில் நிற்கும் வண்டியின் சேனலில் தண்ணீர் ஒரே பக்கம் தேங்குவதால் சோதனை தப்பாகிவிடும். ஜன்னலைச் சுற்றி உள்பக்கத்தைத் துடைத்துக் காயவிட்டு, முகப்பவுடரை லேசாகத் தூவுங்கள். சீட்டின் மேலும் கீழும் நாளிதழ் விரியுங்கள். உள்ளே ஒருவர் டார்ச்சோடு உட்காரட்டும். வெளியே ஒருவர் ஹோஸ் பிடிக்கட்டும். குழாயை மெதுவாகத் திறந்தால் போதும். பீய்ச்சி அடித்தால் நல்ல ஜன்னலும் ஒழுகும்.

முக்கியமான விதி, கீழிருந்து மேலே போகவேண்டும். முதலில் அடிச்சட்டத்தில் மட்டும் ஐந்து நிமிடம் தண்ணீர் விடுங்கள். உள்ளே எதுவும் வராவிட்டால் பக்கவாட்டுக்கு, பிறகு இரு கண்ணாடிகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் நடுக்கோட்டுக்கு, அதன்பின் மேல் விளிம்புக்கு, கடைசியாகக் கூரைக்கு. மேலே ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இடத்தையும் நனைத்துக்கொண்டுதான் இறங்கும், எது குற்றவாளி என்று ஒருநாளும் தெரியாது. பவுடரில் விழும் கோடு தண்ணீரின் பாதையைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு மேலே போங்கள்.

கூரையில் விட்டபோது மட்டும் ஒழுகினால் ஜன்னலைத் தொடவே வேண்டாம். கேரியர் போல்ட்டுகளின் வாஷர், கூரைத் தகடுகள் சேரும் இணைப்பு, கூரை ஓரத்தில் மழைநீர் ஓடும் தகட்டுப்பள்ளம் ஆகிய இடங்களைப் பாருங்கள். அந்தப் பள்ளத்தில் போட்ட பழைய சீலன்ட் வெயிலில் வெடித்துப் பிளந்திருக்கும். அது தனி வேலை.

இரண்டாம் படி: ஈர்க்குச்சி வேலை

அடியிலிருந்து வருகிறது என்றால், துளைகளில் தொடங்குங்கள். வெளியே நின்று, கண்ணாடிச் சட்டத்தின் அடிவிளிம்பைக் கண் மட்டத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். துளைகள் தெரியாவிட்டால் உள்ளிருந்து கண்ணாடியை ஒருபக்கம் தள்ளி, சேனலுக்குள் டார்ச் அடித்துத் தேடுங்கள்.

என் வேனின் அந்த ஜன்னல் சேனலைத் திறந்து பார்த்தபோது, அடியில் கறுப்புக் களிமண் போல ஒரு படிவு, விரல்நகம் கனத்துக்கு இருந்தது. செம்மண் தூசி, கடலை மிட்டாய்த் துணுக்கு, புளியமரத்து இலை, பென்சில் சீவிய சுருள், எல்லாம் சேர்ந்து இறுகிப்போயிருந்தது. மேலிருந்து பார்த்தால் சேனலின் தரையே அதுதான் என்று தோன்றும்.

படிவைச் சோப்புத் தண்ணீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு பிரஷ்ஷால் கிளறி எடுங்கள். துளைக்குள் ஈர்க்குச்சியை வெளிப்பக்கமிருந்து நுழைத்து, முறுக்கி இழுங்கள். இரும்புக் கம்பி வேண்டாம். பெயிண்டைக் கீறும், கீறிய இடத்தில் துரு பிடிக்கும். கடைசியில் பஞ்சர் கடைக்குப் போய்க் காற்றுக் குழாயால் ஊதிவிட்டால் மிச்சமும் பறந்துவிடும், கண்ணை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

பிறகு சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து சேனலுக்குள் விடுங்கள். விட்ட வேகத்தில் வெளியே சொட்ட வேண்டும். தயங்கித் தயங்கி வந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது. என்னைக் கேட்டால், ஒழுகும் ஜன்னல்களில் பலவற்றுக்கு இதோடு வேலை முடிந்துவிடும். ஹோஸ் சோதனையைத் திரும்பச் செய்துபார்க்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

மூன்றாம் படி: வெல்வெட்டும் நடுப்பட்டையும்

கண்ணாடி ஓடும் பள்ளத்தில் ஒட்டியிருக்கும் வெல்வெட் தேய்ந்து வழுக்கையாகியிருந்தால் கண்ணாடி ஆடும், மழைச்சாரல் நேராக உள்ளே வரும். கண்ணாடியை விரலால் தட்டிப் பாருங்கள். கடகடவென்றால் வெல்வெட் போய்விட்டது. வண்டிக் கண்ணாடி ரப்பர் விற்கும் கடைகளில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். பழைய துண்டு ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அகலம் ஒத்துப்பார்த்து வாங்குங்கள்.

இரு கண்ணாடிகளும் ஏறிச்சேரும் இடத்தில் ஒரு மெல்லிய ரப்பரோ முடிப்பட்டையோ இருக்கும். வண்டி ஓடும்போது மட்டும் நடுவிலிருந்து சாரல் தெறித்தால் இதைச் சந்தேகியுங்கள். நிற்கும் வண்டியில் ஹோஸ் சோதனை இதைப் பல நேரம் காட்டாது.

கண்ணாடி இறுக்கமாக ஓடுகிறது என்று கிரீஸோ தேங்காய் எண்ணெயோ தடவாதீர்கள். தூசியை இழுத்துப் பிடித்து மறுபடி அதே களிமண்ணை உண்டாக்கும். சிலிக்கான் ஸ்பிரே லேசாக ஒருமுறை போதும்.

நான்காம் படி: சுற்று ரப்பர்

சட்டத்துக்கும் வேன் தகட்டுக்கும் நடுவே சுற்றிவரும் ரப்பரை இங்கே பீடிங் என்பார்கள். வெயில் அதைச் சுருக்கும். மூலைகளில் இடைவெளி விடும். இரு முனைகளும் சேரும் இணைப்பு மேல்பக்கம் வந்துவிட்டால் தண்ணீர் அதன் வழியாகவே இறங்கும்.

ரப்பர் இன்னும் வளைந்துகொடுக்கிறது, வெடிப்பு இல்லை என்றால் மாற்றத் தேவையில்லை. விளிம்பைப் பிளாஸ்டிக் பட்டையால் மெதுவாகத் தூக்குங்கள். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பினால் முனை கண்ணாடி ஓரத்தில் பட்டு, டெம்பர்டு கண்ணாடி மொத்தமும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். தூக்கிய இடத்தைத் துடைத்து நன்றாகக் காயவிட்டு, ரப்பருக்கும் தகட்டுக்கும் நடுவே இறுகிப்போகாத வகை மாஸ்டிக் சீலன்ட்டைச் செலுத்துங்கள். அது எப்போதும் பசையாகவே இருக்கும் என்பதால், வண்டியின் அதிர்வுக்கு விட்டுக்கொடுக்கும். நாளைக்குக் கண்ணாடியைக் கழற்றவும் முடியும். பெட்ரோலையும் மண்ணெண்ணெயையும் ரப்பரில் தொடவிடாதீர்கள், ஊதிப்போகும்.

வெடித்த ரப்பரை மாற்றத்தான் வேண்டும். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறையில் தொழில் பழகிய ஒரு ஃபிட்டர் அண்ணன் எனக்குக் காட்டிய முறை இது. புது ரப்பரைச் சட்டத்தில் சுற்றி மாட்டி, தகட்டில் உட்காரவேண்டிய பள்ளத்தில் ஒரு வழுவழுப்பான கயிற்றைச் சுற்றிலும் பதித்து, இரு முனைகளும் அடிப்பக்கம் நடுவில் ஒன்றையொன்று தாண்டித் தொங்கவிடுவார். சோப்புத் தண்ணீர் தடவி, வெளியிலிருந்து ஒருவர் சட்டத்தை அழுத்த, உள்ளிருந்து இவர் கயிற்றை இழுத்துக்கொண்டே போவார். கயிறு வரவர ரப்பரின் உதடு தகட்டின்மேல் ‘டப், டப்’பென்று ஏறி உட்காரும். “அவசரப்படாதே தம்பி, கயிறு போற வேகத்துக்குத்தான் அழுத்தணும்” என்பார். தனியாளாக இதைச் செய்யவேண்டாம். முதல் தடவை தெரிந்தவர் பக்கத்தில் இருக்கட்டும்.

ரப்பரை எடுத்த கையோடு அடியிலுள்ள தகட்டைப் பாருங்கள். துரு இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, பெயிண்ட் பூசிக் காய்ந்த பிறகே புது ரப்பர். துருவின்மேல் உட்காரும் எந்த ரப்பரும் தண்ணீரைத் தடுக்காது.

சிலிக்கானை எங்கே பூசலாம்

நகராத இடத்தில் மட்டும். சட்டத்தின் மேல் விளிம்பு, நிலையான கண்ணாடியின் ஓரம், திருகாணித் தலைகள். அடிவிளிம்பில் துளை இருக்கும் இடம் திறந்தே இருக்கவேண்டும். வாங்கும்போது ‘நியூட்ரல்’ வகை கேளுங்கள். மலிவாகக் கிடைக்கும் சிலவற்றைப் பிதுக்கினால் வினிகர் வாடை வரும். அந்த அமிலம் பெயிண்ட் போன தகட்டை அரிக்கும். மேலும், சிலிக்கான் பட்ட இடத்தில் பின்னால் பெயிண்ட் பிடிக்காது. அதனால் இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பூசி, விரலால் வழித்து, மேலே ஏடு கட்டும் முன் டேப்பை உரித்துவிடுங்கள். ஒருநாள் முழுக்கக் காயட்டும், அதற்குமுன் தண்ணீர் படக்கூடாது.

ஐந்தாம் படி: உள்ளே போன தண்ணீர்

ஜன்னலைச் சரிசெய்ததோடு நிறுத்திவிடுபவர்கள் நிறையப் பேர். உள்ளே ஒழுகிய தண்ணீர் எங்கே போனது? தரைவிரிப்புக்கு அடியில், ப்ளைவுட்டுக்கு அடியில், தரைத்தகட்டில் உட்கார்ந்திருக்கும். மேலே காய்ந்தது போலிருந்தாலும் கீழே ஊறிக்கொண்டேதான் இருக்கும். சீட் போல்ட்டைக் கழற்றி, தரைவிரிப்பைச் சுருட்டி, ஒரு முழு வெயில் நாள் கதவுகளைத் திறந்து போடுங்கள். ப்ளைவுட்டைக் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள். பொதுபொதுவென்று அமுங்கினால் மாற்றியே ஆகவேண்டும். தகட்டைச் சுத்தியலின் பிடியால் தட்டினால் கணீரென்று கேட்கவேண்டும், மொத்தென்று கேட்டால் டிங்கரிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள் ஏறும் வண்டி என்றால் இதில் தள்ளிப்போடுதலே கூடாது. 2012-ல் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி உயிரிழந்தாள். தமிழ்நாட்டில் பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் அந்த ஆண்டில்தான் வந்தன. அந்தச் செய்தியைப் படித்த நாளிலிருந்து, தரையைப் பார்க்காமல் என்னால் வேனை எடுக்க முடிவதில்லை.

எப்போது செய்வது

புரட்டாசியில். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கிவிடும். ஈரத்தில் சீலன்ட் சரியாகப் பிடிக்காது, பட்டறைகளிலும் கூட்டம் கூடிவிடும். வெயில் மிச்சமிருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். மழை மாதங்களில் வாரம் ஒருமுறை ஈர்க்குச்சி, மாதம் ஒருமுறை சிரிஞ்சு. ஒரு ஈர்க்குச்சிக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டு டேஷ்போர்டிலேயே வைத்திருக்கிறேன்.

அந்த மூன்றாவது வரிசை சீட்டுக்கு அடியில் வேலை முடிந்ததும் ஒரு நாளிதழை மடித்து வைத்தேன். நடுவில் இரண்டு நாள் விடாத மழை. பத்தாம் நாள் எடுத்துப் பார்த்தபோது தாள் மொறமொறவென்று இருந்தது. மறுபடி மடித்து அங்கேயே வைத்திருக்கிறேன்.