பிரதமருக்கும் சிக்மெல்டிங் இருந்தது

குரோருட்,
ஒஸ்லோ.

அன்புள்ள மருமகனுக்கு,

நேற்று இரவு அக்கா போன் எடுத்தா. டொக்டர் உனக்கு நாலு கிழமை சிக்மெல்டிங், அதுதான் சுகயீன விடுப்பு, தருகிறேன் என்று சொன்னாராம். நீ வேண்டாம் என்று சொல்லிவிட்டு அன்றிரவே முதியோர் இல்லத்துக்கு நைற் டியூட்டிக்குப் போய்விட்டாயாம். ஏன் என்று கேட்டதற்கு "ஆட்கள் என்ன கதைப்பினம்" என்றாயாம். அக்கா அழவில்லை. அழாமல் கதைத்ததுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. சின்ன மாமாவின் விஷயத்திலும் அவ இப்படித்தான் அழாமல் கதைத்தவ.

உன்னை வற்புறுத்த நான் இதை எழுதவில்லை. உன் உடம்பு, உன் வேலை, முடிவும் உன்னுடையதுதான். ஆனால் அதற்கு முன் ஒரு மனிதரைப் பற்றி நீ வடிவாக அறிய வேண்டும். ஷெல் மாக்னே பொண்டெவிக். நீ தவழ்ந்து நடை பழகிய காலத்தில் இந்த நாட்டின் பிரதமர். அக்கா வேலைக்குப் போகாமல் உன்னோடு வீட்டில் நின்றாவே, அப்போது மாதா மாதம் வந்த கொன்தாந்ஸ்துத்தக் காசு அவருடைய அரசாங்கம் 1998 ஓகஸ்டில் தொடங்கியதுதான். அந்தக் காசு குரோருட்டில் எத்தனை தாய்மாரை மொழி படிக்கவிடாமல் வீட்டோடு வைத்திருந்தது என்பது வேறு கதை. உன் அம்மாவுக்கும் எனக்கும் அதில் இன்றுவரை ஒத்துவரவில்லை.

அவர் குருப்பட்டம் பெற்றவர், கிறிஸ்தவ மக்கள் கட்சிக்காரர். 1997 ஒக்டோபரில் மூன்று கட்சிகளைச் சேர்த்து ஆட்சி அமைத்தார். நாடாளுமன்றத்தின் 165 இடங்களில் மூன்றுக்கும் சேர்த்து 42 மட்டும். எதைச் செய்வதென்றாலும் வெளியே போய் வாக்குத் தேடவேண்டிய நிலை. அடுத்த கோடையில் எண்ணெய் விலை விழுந்தது, குரோணர் விழுந்தது, வட்டி ஏறியது. அதற்குள் வரவு செலவுத் திட்டமும் வந்து நின்றது. ஒரு காலையில் மனிதரால் கட்டிலை விட்டு எழும்ப முடியவில்லை.

நீ என்றால் அந்த நிலையிலும் இரண்டு பனடோலைப் போட்டுக்கொண்டு ரயில் ஏறியிருப்பாய். 1998 ஓகஸ்ட் கடைசியில் அவர் விடுப்பு எடுத்தார். காய்ச்சல் என்றோ முதுகுவலி என்றோ அறிக்கை விடவில்லை. பிரதமருக்கு மனச்சோர்வு, அதனால் ஓய்வில் இருக்கிறார் என்று நாடு முழுவதற்கும் சொல்லப்பட்டது. கலாசார அமைச்சராக இருந்த ஆன்ன எங்கர் லான்ஸ்டைன் அந்த நாட்களில் பிரதமரின் வேலையைப் பார்த்தார். மூன்று கிழமைக்கு மேல் கழித்து, செப்டெம்பரில் பொண்டெவிக் திரும்பி வந்து தன் கதிரையில் இருந்தார்.

அந்தக் கதிரையை யாரும் பறிக்கவில்லை. சனத்திடமிருந்து ஆறுதல் கடிதங்கள் குவிந்தன. அவருடைய ஆட்சி கவிழ்ந்தது 2000 மார்ச்சில். எரிவாயு மின்நிலையம் கட்டினால் காற்று கெடும், அதற்கு உடன்படமாட்டேன் என்று நின்று, நம்பிக்கை வாக்கில் தோற்று இறங்கினார். 1998இல் மனச்சோர்வு என்று வாய்விட்டுச் சொன்ன அதே மனிதர் 2001இல் மறுபடியும் பிரதமரானார், 2005 வரைக்கும் இருந்தார். ஐ.நா.வின் ஆணை இல்லாத ஈராக் போருக்கு ஆதரவு தரமுடியாது என்று 2003இல் அமெரிக்காவுக்குச் சொன்னவரும் அவர்தான். பலவீனமான ஆள் செய்கிற காரியமா அது?

நீ உடனே கேட்பாய், இந்த ஆளின் அரசாங்கத்தைத்தானே மாமா வருடக்கணக்காக ஏசினீர்கள் என்று. ஓம், ஏசினேன். இப்போதும் ஏசுவேன். இலங்கை அரசும் புலிகளும் செய்த 2002 பெப்ரவரி 22 யுத்த நிறுத்த ஒப்பந்தம் அவருடைய ஆட்சியில்தான் வந்தது. நோர்வேயின் நடுவர்களாக எரிக் சொல்ஹெய்மும் விதார் ஹெல்கசனும் கொழும்புக்கும் வன்னிக்குமாகப் பறந்தார்கள். அந்த டிசம்பரில் இதே ஒஸ்லோவில் இரண்டு தரப்பும் கூடி, சமஷ்டி அடிப்படையில் தீர்வை ஆராய்வோம் என்று அறிவித்தபோது நாங்கள் எப்படி நம்பினோம் தெரியுமா? உன் அப்பா ஊரில் வீட்டுக்குக் கூரை போடக் காசு அனுப்பினார். கண்காணிக்க வந்த நோர்டிக் நாட்டுக்காரர் மீறல்களை எழுதிவைத்தார்கள், தடுக்க அவர்களிடம் எந்தப் பலமும் இருக்கவில்லை. பலமில்லாதவன் நடுவில் நிற்கக்கூடாது. அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதுதான் என் எண்ணம். 2008 ஜனவரியில் இலங்கை அரசு ஒப்பந்தத்திலிருந்து விலகியது. 2009 மே மாதம் எல்லாம் முடிந்தது.

ஆனால் மகன், ஒன்றைக் கவனி. நோர்வே தன்னுடைய சமாதான முயற்சி ஏன் தோற்றது என்று ஆட்களை வைத்து ஆராய்வித்து, 2011இல் அறிக்கையாக வெளியிட்டது. தோற்றதைத் தோற்றது என்று எழுதி வைத்தார்கள். நாங்கள் என்ன செய்தோம்? போரின் கடைசி நாட்களில் இங்கே நாடாளுமன்றத்துக்கு முன்னால் இரவு பகலாக நின்றோம். எல்லாம் முடிந்ததும் திங்கட்கிழமை காலையில் துப்புரவு வேலைக்கும் சமையலறைக்கும் பஸ் ஓட்டவும் போனோம். வருடா வருடம் பூவும் விளக்கும் வைக்கிறோம், அது வேண்டும், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்து, "உனக்கு இரவில் நித்திரை வருகுதோ" என்று கேட்டோமா? கேட்டால் விசர் என்று பெயர் வந்துவிடுமாம். பிள்ளைக்குச் சம்பந்தம் பேச வரமாட்டார்களாம். சின்ன மாமா மனம் சோர்ந்து கிடந்த மூன்று வருடமும் அவனுக்கு முதுகுவலி என்றுதான் ஊருக்குச் சொன்னோம். அவனும் அதையே எங்களுக்குச் சொன்னான். எங்கள் சனத்தின் இந்த வாயை என்னால் மன்னிக்க முடியாது. அந்த வாய்க்குப் பயந்துதான் நீ நேற்று வேலைக்குப் போனாய்.

இந்த நாட்டுச் சட்டம் உனக்குத் தெரியாததல்ல. முதல் பதினாறு நாள் வேலை தருபவர் சம்பளம் தருவார், பிறகு அரசின் நாவ் தரும், ஒரு வருடம் வரைக்கும். உனக்கு என்ன வருத்தம் என்று மேலதிகாரிக்குப் போகிற தாளில் இருக்காது. முழுதாக வேண்டாம் என்றால் ஐம்பது வீதம் எடு. வார இறுதித் தமிழ் வகுப்பை மற்ற ஆசிரியர்கள் பார்ப்பார்கள். பிள்ளைகள் ஒரு தவணையில் அகரத்தை மறந்துவிட மாட்டார்கள்.

தேர்தல் கதையும் அக்கா சொன்னா. 2027இல் குரோருட் பகுதிச் சபைக்கு நிற்கச் சொல்லிக் கேட்கிறார்களாம். கம்சாயினி குணரத்தினம் ஒஸ்லோவின் துணை மேயராகி, நாடாளுமன்றத்துக்கும் போன பிறகு உன் அம்மாவுக்கு அந்தக் கனவு. எனக்கும் ஆசைதான். அரசியலுக்கு வருகிறவனிடம் ஒரு மனச்சோர்வுத் துண்டு இருக்கலாமா என்று நீ யோசிக்கிறாய் போல. பொண்டெவிக்கின் ஏறக்குறைய ஆறரை வருட ஆட்சியில் எனக்கு மிஞ்சி நிற்பது அந்த மூன்று கிழமைதான். சமாதானம் மிஞ்சவில்லை, அந்தக் காசுத் திட்டத்தில் எனக்கு உடன்பாடில்லை. நாட்டின் முதல் மனிதர் வருத்தத்தை வருத்தம் என்று சொன்னதால், அதற்குப் பிறகு எத்தனை பேர் டொக்டருக்கு முன்னால் வாய் திறந்திருப்பார்கள்!

ஆக, உனக்கு இரண்டு வழி. சிக்மெல்டிங் எடுத்து, நித்திரை கொண்டு, சாப்பிட்டு, தேறி, பிறகு வேலையோ தேர்தலோ பார்க்கலாம். அல்லது இப்படியே ஓடலாம். எது என்றாலும் நான் உன் பக்கம்தான். இரண்டாவதை நீ தெரிவுசெய்ய மாட்டாய் என்று நினைக்கிறேன். அக்காவைப் பார்த்தாவது செய்ய மாட்டாய்.

நிறைய எழுதிவிட்டேன். கோபிக்காதே ராசா. குழந்தையிலிருந்து நீ எங்களுக்கு ஒரு குறையும் வைத்ததில்லை. உன்னைப்போல் பிள்ளை இந்தக் குடும்பத்தில் வேறு இல்லை, இதை மாமி எனக்கு முன்னாலேயே எத்தனையோ தரம் சொன்னவ. நீ தேர்தலில் நின்றாலும் நில்லாவிட்டாலும், வேலைக்குப் போனாலும் போகாவிட்டாலும், எங்களுக்கு நீ நீதான். ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வா. மாமி ஒடியல் கூழ் காய்ச்சுவா. நான் எதுவும் கேட்கமாட்டேன், கதைக்க விருப்பமில்லாவிட்டால் ஸ்டெய்ன்ப்ருவான் ஏரி வரைக்கும் சும்மா நடந்துவிட்டு வருவோம்.

வருவதற்கு முன் டொக்டருக்கு மட்டும் ஒருக்கால் போன் எடுத்துவிடு.

அன்புடன்,
மாமா