தொண்டை வலிக்குத் தைல ஆவி: வணிகர்கள் அறிய வேண்டியவை

வணிகனுக்குத் தொண்டையும் ஒரு முதல். காலையில் கடை திறந்தது முதல் இரவில் கணக்கு முடிக்கும் வரை வாடிக்கையாளரை அழைப்பதும், விலை சொல்வதும், சிப்பந்திகளுக்கு வேலை ஏவுவதும் அதைக் கொண்டே நடைபெறுகின்றன. மிளகாய் மூட்டையின் நெடியும், துணிக்கட்டுகளின் தூசும், குளிர்சாதனக் காற்றும் அதை நாள்தோறும் வருத்துகின்றன. எனவே தொண்டை வலி கண்டவுடன் நம்மவர்கள் தைலப் புட்டியைத் தேடி எடுத்து, சுடுநீரில் சில துளிகள் விட்டு ஆவி பிடிக்கிறார்கள். இவ்வழக்கத்தில் நன்மை எவ்வளவு, அபாயம் எவ்வளவு என்பதை எடுத்துரைப்பதே இப்பாடத்தின் நோக்கம். இங்கே சொல்லப்படுபவை பெரியவர்களுக்கு மட்டுமே.

பழமையான முறை

சித்த வைத்தியத்தில் இதற்கு ‘வேது பிடித்தல்’ என்று பெயர். நொச்சி இலை முதலியவற்றைக் கொதிக்க வைத்து அந்த ஆவியை முகத்தில் ஏற்பர். யூனானி ஹகீம்கள் இதனை ‘இன்கிபாப்’ என்பர். மேல்நாட்டில் ஜான் மட்ஜ் என்ற ஆங்கில மருத்துவர் 1778இல், ஆவியை வாய்வழி இழுப்பதற்கென ஒரு குவளையைச் செய்து, அதைப் பற்றி நூலும் எழுதினார். ஆக, பல நாட்டாரும் தத்தம் வழியில் கண்ட முறை இது.

தைலங்கள் எவை?

முதலாவது, நீலகிரித் தைலம். யூக்கலிப்டஸ் இலையிலிருந்து வடித்தெடுப்பது. மரத்தின் தாயகம் ஆஸ்திரேலியா. 19ஆம் நூற்றாண்டில் நீலகிரி மலையில் பயிராகி, அம்மலையின் பெயரையே தமிழில் பெற்றது. இதிலுள்ள முக்கியப் பொருள் சினியோல்.

இரண்டாவது, மலாய்க்காரர்கள் ‘மிஞ்ஞாக் காயு பூத்தே’ என்று அழைக்கும் தைலம். காயு பூத்தே என்றால் வெள்ளை மரம். கெலாம் மரமும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. சிங்கப்பூரின் கம்போங் கிளாம் வட்டாரத்திற்கு அம்மரத்தாலேயே அப்பெயர் வந்தது. இத்தைலத்திலும் சினியோல் உண்டு.

மூன்றாவது, புதினா வகையிலிருந்து கிடைக்கும் மெந்தால். இதனுடன் கற்பூரம் முதலியவை சேர்த்தே பலவகைக் கலப்புத் தைலங்கள் செய்யப்படுகின்றன.

சுமத்திராவில் கிடைக்கும் சாம்பிராணியையும் இங்கே நினைவுகூரலாம். அரபு வணிகர்கள் அதை ‘லுபான் ஜாவி’ என்றனர். ஆங்கிலத்தில் வழங்கும் ‘பென்சாயின்’ என்ற சொல் அதிலிருந்து பிறந்ததே. அதைச் சாராயத்தில் கரைத்த மருந்தையும் மேல்நாட்டார் நெடுங்காலம் ஆவி பிடிக்கப் பயன்படுத்தினர்.

ஆவி செய்வது என்ன?

தொண்டை வலியில் பெரும்பாலானவை வைரஸ் கிருமிகளால் வருபவை. அவை ஏறக்குறைய ஒரு வாரத்தில் தாமே அடங்கிவிடும். வெந்நீர் ஆவி வறண்ட தொண்டைக்கு ஈரமளிக்கிறது. கட்டிய சளியை இளக்குகிறது. மெந்தால் நரம்பிலுள்ள குளிர் உணர்ச்சியைத் தூண்டுவதால் மூக்கு திறந்துகொண்டது போன்ற சுகம் உண்டாகிறது. உண்மையில் மூக்கின் அடைப்பு அவ்வளவாகக் குறைவதில்லை என்பதை அளந்து பார்த்தவர்கள் கண்டிருக்கிறார்கள்.

ஆவி கிருமியைக் கொல்வதில்லை. அது நோய் நாட்களைக் குறைக்கிறது என்பதற்கும் உறுதியான சான்று கிடைக்கவில்லை. ஆகவே இதை இதம் தரும் உபசாரமாகக் கொள்ளலாம். நோயைத் தீர்க்கும் மருந்தாக நம்பியிருத்தல் ஆகாது.

பிடிக்கும் முறை

1. அடி அகன்ற, கனமான பாத்திரத்தை உறுதியான மேசை மீது வைக்கவும். மடியிலோ படுக்கையிலோ வைத்தல் கூடாது.

2. கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சில நிமிடம் ஆறவிட்டு, அரை லிட்டர் அளவு ஊற்றவும். அதன்பின் தைலம் மூன்று துளி விடவும். அதிகம் விட்டால் அதிக குணம் என்பது தவறு, தொண்டை எரியும். தைலம் எளிதில் தீப்பற்றும். ஆதலால் அடுப்பின் மீதிருக்கும் நீரில் அதை ஊற்றலாகாது.

3. முகத்தை ஒரு சாணுக்கு மேல் விலக்கி, கண்களை மூடிக்கொண்டு, வாயால் இழுத்து மூக்கால் விடவும். ஐந்து முதல் பத்து நிமிடம் போதும். நாளுக்கு இருமுறை செய்யலாம்.

4. முடிந்தவுடன் நீரைக் கொட்டிவிடவும்.

நோன்பு மாதத்தில் இதை நோன்பு திறந்த பின் வைத்துக்கொள்வது ஐயத்திற்கு இடமில்லாத வழி. பகலில் அவசியம் நேர்ந்தால் ஆலிமிடம் கேட்டுச் செய்க.

எச்சரிக்கை

ஆவி பிடிப்பதில் நேரும் பெரிய தீங்கு, பாத்திரம் கவிழ்ந்து உடல் வேகுவதே. சிறுவர்கள் ஓடியாடும் வீட்டில் இது அதிகம் நிகழக்கூடியது. குழந்தைகளை ஆவிப் பாத்திரத்தின் அருகே விடாதீர்கள். அவர்களுக்கு ஆவி பிடிக்கவும் வேண்டாம்.

நீலகிரித் தைலமும் கற்பூரமும் உள்ளே போனால் விஷம். ஒரு தேக்கரண்டி கூடச் சிறு குழந்தைக்கு வலிப்பையும் மயக்கத்தையும் உண்டாக்கலாம். ஊருக்குப் போகும்போது நாம் பெட்டியில் அடுக்கிச் செல்லும் புட்டிகளைப் பற்றியும் இதை வீட்டாருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். ‘மேல்பூச்சுக்கு மட்டும்’ என்று அச்சிட்ட தைலத்தை வெந்நீரில் விட வேண்டாம். களிம்பை மூக்கினுள் தடவவும் வேண்டாம்.

ஆஸ்துமா உள்ளவர்களுக்குத் தைல வாடையே மூச்சிரைப்பைக் கிளப்பலாம். அவர்கள் வெறும் உப்பு நீரால் கொப்பளிப்பதே நல்லது. ஒரு குவளை வெதுவெதுப்பான நீரில் அரைத் தேக்கரண்டி உப்பு போதும். இது யாவருக்கும் ஏற்ற எளிய முறையாகும்.

டாக்டரிடம் எப்போது?

இருமலும் சளியும் இல்லாமல் கடும் தொண்டை வலி, காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, உள்நாக்கின் இருபுறமும் வெண்சீழ் ஆகியவை காணப்பட்டால், அது ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற கிருமியின் வேலையாக இருக்கக்கூடும். இதற்குப் பென்சிலின் போன்ற மருந்து தேவைப்படலாம். கவனியாது விட்டால், சிலருக்கு மூட்டுகளையும் இதயத்தையும் தாக்கும் காய்ச்சல் பின்தொடரலாம்.

வாய் திறக்க முடியாமை, எச்சில் விழுங்க முடியாமை, மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் ஒரு நாழிகையும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

குரல் கம்மல் மூன்று வாரங்களுக்கு மேல் நீடித்தால், “கடையில் கத்தியதால் வந்தது” என்று இருந்துவிடாதீர்கள். புகைபிடிப்பவர்கள் சிறப்பாக இதைக் கவனிக்க வேண்டும். தொண்டைப் புற்று அவ்விதமே தொடங்குவதுண்டு. ஆரம்பத்தில் கண்டால் குணப்படுத்தும் வாய்ப்பு மிக அதிகம். “கடையை யார் பார்ப்பது?” என்று தள்ளிப் போடுவது நம்மிடையே உள்ள வழக்கம். ஒரு பகல் கடையை மூடினால் வரும் நட்டம் மறுவாரமே ஈடாகும். போன குரலுக்கு ஈடில்லை.

முடிவாக

வலி கண்ட நாட்களில் குரலுக்கு ஓய்வு கொடுங்கள். தண்ணீர் நிறையக் குடியுங்கள். புகையை விடுங்கள். அதன்மேல் ஆவி இதமளித்தால் முறைப்படி பிடியுங்கள். மேலே சொன்ன அறிகுறிகளில் ஒன்று தோன்றினாலும் தைலப் புட்டியை மூடி வைத்துவிட்டு டாக்டரிடம் செல்லுங்கள். இதைக் கடைச் சிப்பந்திகளுக்கும் படித்துக் காட்டுவது முதலாளிமார்களின் கடமை. உறவை ஊரில் விட்டு வந்து தனியறையில் தங்கும் அவர்களுக்கு, நோய் வந்தால் சொல்லிக் கொடுக்க வேறு யார் இருக்கிறார்கள்?