தரகரின் கூலி எதுவரை ஹலால்?



மேற்கு ஆப்பிரிக்காவில் கானாவுக்கும் பெனினுக்கும் நடுவே உள்ள சிறிய நாடு டோகோ. அதன் தலைநகர் லோமே. அங்குள்ள இளைஞர்கள் பலர் ஆண்டுதோறும் அக்டோபர் மாதத்தை எதிர்பார்த்திருந்தனர். அதுதான் அமெரிக்காவின் விசாக் குலுக்கலுக்கு விண்ணப்பிக்கும் காலமாக இருந்தது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்தால் பிறந்த இத்திட்டம், குறைவானவர்கள் குடியேறிய நாடுகளின் மக்களுக்கு ஆண்டுக்கு 55,000 விசா வரை ஒதுக்கியது. பள்ளிப் படிப்பை முடித்திருந்தாலோ, குறிப்பிட்ட தொழிலில் இரண்டாண்டு அனுபவம் இருந்தாலோ விண்ணப்பிக்க முடிந்தது.

விண்ணப்பம் இணையத்தில் மட்டுமே ஏற்கப்பட்டது. கணினி தெரியாதவர் தரகரிடம் போவார். தரகர் போட்டோ எடுப்பார், படிவம் நிரப்புவார், முடிவு வந்ததும் பார்த்துச் சொல்வார். இது உழைப்பு. பேசிய கூலியை வாங்குவதில் தவறில்லை.

சிக்கல் அதன் பிறகுதான். குலுக்கலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் தேர்வாவர். எல்லோருக்கும் விசா கிடையாது. நேர்காணல் கட்டணம், மருத்துவப் பரிசோதனை, விமான டிக்கெட் என்று செலவு வரிசையாக நிற்கும். ஏழை வீட்டுப் பிள்ளையால் அது முடியாது. அப்போது தரகர் பணமுள்ள ஒருவரைக் கொண்டுவருவார். செலவு முழுவதும் அவருடையது. பதிலுக்கு, தேர்வானவர் அவரையோ அவர் காட்டும் ஆளையோ கணவன் அல்லது மனைவி என்று காட்ட வேண்டும். திருமணச் சான்றிதழும் சேர்ந்தெடுத்த போட்டோக்களும் தயாராகும். அதிகாரி கேட்கும் கேள்விகளுக்கு ஒத்திகையும் நடக்கும்.

“இருவரும் சம்மதித்துத்தானே செய்கிறார்கள், யாருக்கு நஷ்டம்?” என்று கேட்கலாம். இருவரின் சம்மதம் பொய்யை உண்மையாக்கிவிடாது. நிக்காஹ் என்னும் உறுதியான உடன்படிக்கை இங்கே விலைபேசப்படுகிறது. பொய்ச்சாட்சியமோ பெரும்பாவம். உலகக் கணக்கிலும் நஷ்டம்தான்: மோசடி வெளிப்பட்டால் அமெரிக்கச் சட்டப்படி வாழ்நாள் தடையே வரலாம். மணமானவர் முதல் விண்ணப்பத்தில் மனைவி, மக்களை மறைத்திருந்தால் அதுவே விசா மறுக்கப் போதுமான காரணம். இத்தனைக்கும் பொறுப்பு விண்ணப்பித்தவர் தலையில்தான். தரகர் அடுத்த ஆளைத் தேடிப் போய்விடுவார்.

வறுமை அவர்களை அந்த வாசலில் நிறுத்தியது. அதனால் அவர்களை இழிவாகப் பேச நமக்கு உரிமையில்லை. நம் வீட்டுப் பிள்ளைகளும் ஏஜெண்ட் மூலம்தானே வளைகுடாவுக்குப் போகிறார்கள்? பணம் கொடுக்கும் முன் மூன்றைக் கேளுங்கள்:

1. இந்தத் தொகை எந்த வேலைக்கு? ரசீது உண்டா?
2. என் பெயரில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டுவீர்களா?
3. இதில் உண்மையல்லாத ஒரு வரியாவது உள்ளதா?

மூன்றாவது கேள்விக்கு ஏஜெண்ட் மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள். பயணச் செலவுக்கு வழியில்லாத பிள்ளை நம் மஹல்லாவில் இருந்தால், அவன் தவறான கையில் சிக்கும் முன் கர்ழன் ஹஸனாவாகக் கொடுத்து உதவுவது நம் கடமை.

வல்ல அல்லாஹ் நம் பிள்ளைகளின் ரிஸ்கை ஹலாலான வழியில் விசாலமாக்குவானாக. ஆமீன்.