உடற்பருமனுக்கு அறுவைச் சிகிச்சை: தகுதியுடையார் யார்?

அண்மையில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தை ஆய்வு செய்யச் சென்றிருந்தேன். அலுவல் முடியும் தறுவாயில் அங்கத்தினர் ஒருவர் தயங்கியபடி வந்து, "ஐயா, என் சம்சாரத்துக்குப் பல வருஷமாகச் சர்க்கரை வியாதி, உடம்பும் கனத்துவிட்டது. ஆபரேஷன் செய்து கொழுப்பை எடுத்துவிடலாமாம். சங்கத்தில் கடன் கிடைக்குமா?" என்று வினவினார். கடனைப் பற்றிப் பேசுமுன், அச்சிகிச்சைக்கு அவ்வம்மையார் தகுதியுடையவர்தாமா என்று அறிதல் வேண்டுமன்றோ? அதனை விளக்குவதே இப்பாடம்.

முதற்கண், இச்சிகிச்சை கொழுப்பை வெட்டி எடுப்பதன்று. ஒரு முறையில் இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கி, எஞ்சியதை ஒரு வாழைப்பழ அளவான குழாயாக அமைப்பர். மற்றொரு முறையில் இரைப்பையின் மேற்புறத்தைச் சிறு பையாக்கிச் சிறுகுடலுடன் இணைப்பர். இவற்றால் உண்ணும் அளவு குறைவதோடு, பசியையும் இரத்தச் சர்க்கரையையும் ஆளும் சுரப்புகளும் மாறுகின்றன. ஆதலின் இது அழகுக்காகச் செய்வதன்று; நோய்க்குச் செய்வது.

தகுதியை அளக்கும் முதற்கோல் உடல் நிறை எண் ஆகும். கிலோவில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தால் இருமுறை வகுத்தால் அவ்வெண் கிடைக்கும். அவ்வம்மையாரின் எடை 85 கிலோ, உயரம் 1.60 மீட்டர். கணக்கிட்டால் 33.2 வருகிறது.

1991-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வகுக்கப்பட்ட விதி, இவ்வெண் 40 இருத்தல் வேண்டும், அல்லது 35-உடன் கடுமையான இணைநோய் இருத்தல் வேண்டும் என்றது. 2022-இல் இத்துறை அறுவை மருத்துவர்களின் சர்வதேசச் சங்கங்கள் அதனைத் திருத்தின. 35 இருப்பின் இணைநோய் இல்லாதவர்க்கும் பரிந்துரைக்கலாம். ஆசிய மக்கள் குறைந்த பருமனிலேயே சர்க்கரை நோய்க்கு ஆளாவதால், அவர்களுக்கு 27.5 முதலே கருதலாம் என்றன.

எனினும் எண் மட்டும் போதாது. பின்வருவோர்க்கு இச்சிகிச்சை பொருந்தாது, அல்லது ஒத்திவைக்கத் தக்கது:

1. கருவுற்றிருப்போர், ஓராண்டு, ஒன்றரை ஆண்டிற்குள் மகப்பேறு விரும்புவோர்.
2. மது, போதைப் பழக்கத்தினின்று மீளாதவர்.
3. கடும் மனநோய்க்கு இன்னும் சிகிச்சை பெறாதவர்.
4. மயக்க மருந்தைத் தாங்கவியலாத இதய, நுரையீரல் நோயுடையோர்.
5. சுரப்பிக் கோளாற்றால் பருத்தவர். இவர்கள் முதலில் அக்கோளாற்றைத் தீர்த்துக்கொள்ள வேண்டும்.
6. பின்னைய கட்டுப்பாட்டிற்கு இசையாதவர்.

இறுதியாகக் கூறியதே முதன்மையானது. சிகிச்சைக்குப்பின் சிறுகச் சிறுக உண்ண வேண்டும். இரும்பு, சுண்ணாம்பு, வைட்டமின் மாத்திரைகளை ஆயுள் முழுதும் கொள்ள வேண்டும். இரத்தப் பரிசோதனையைத் தவறவிடலாகாது. தவறினால் சோகையும் எலும்புத் தேய்வும் வரும். இழந்த எடையும் திரும்பலாம். கடன் பெறுவோரிடம் நாம் தவணை கட்டும் திறனைப் பார்ப்பதில்லையா? இதற்கும் ஆயுட்காலத் தவணை உண்டு.

இனிப் பணம். மருத்துவர் இசைந்தாலே காப்பீட்டுக் கம்பெனி பணம் தரும் என்று எண்ணுதல் பிழை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2019-இல் வகுத்த பொது வாசகத்தின்படி, நோயாளிக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். எண் 40 இருக்க வேண்டும், அல்லது 35-உடன் கட்டுக்கடங்காத சர்க்கரை, இதய நாள நோய், உறக்கத்தில் கடும் மூச்சடைப்பு போன்றதொன்று இருந்து, எளிய சிகிச்சைகள் பலனளியாதிருக்க வேண்டும். எனவே 33.2 உடைய அவ்வம்மையாரை மருத்துவர் தகுதியுடையவர் எனக் கொள்ளலாம். அவ்வாசகமுள்ள பத்திரமோ பணம் தராது. இவ்விடைவெளியை அறியாது நகையை அடகு வைத்த பின் வருந்திப் பயனில்லை.

ஆகவே அவரிடம், முதலில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் சர்க்கரை நோய் மருத்துவரைக் காணுமாறும், மருந்தும் உணவுமுறையும் முறையாகச் செய்து பார்க்கப்பட்டனவா என்று கேட்குமாறும், அரசுக் காப்பீட்டில் இடமுண்டா என்று அங்கேயே விசாரிக்குமாறும் சொன்னேன். கடன் மனு அதற்குப் பின்னரே. அங்கத்தினர்கள் இவ்வரிசையை மனத்திற்கொள்வார்களாக.