உருகாத ஒட்டு: உழவு இயந்திரம் திருத்துவிப்போர் கவனத்திற்கு

வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் ஆழங் குறைந்தது. அடியிலே சுண்ணாம்புக் கல் கிடக்கின்றது. உழவின்போது கல்லில் மோதிக் கலப்பைச் சட்டம் விடுவதும், அதனை ஒட்டுவிப்பதும் கமக்காரருக்குப் புதியன அல்ல. ஒட்டிய இடத்திலேயே மீண்டும் விடுமாயின், கல்லை மட்டும் நோதல் தகாது. ஒட்டையும் ஆராய்தல் வேண்டும்.

வெல்டிங் என வழங்கும் உருக்கி ஒட்டுதலில், குச்சி உருகினால் மட்டும் போதாது. இரு துண்டுகளின் விளிம்புகளும் உருகி அதனுடன் கலத்தல் வேண்டும். உருக்கு ஏறக்குறைய 1500 பாகை செல்சியசில் உருகுவது. விளிம்பு அவ்வெப்பத்தை எட்டாவிடின், குச்சியின் இரும்பு தட்டில் வழிந்த மெழுகுபோல மேலே படிந்து நிற்கும். இது ஒரு குறை. மற்றையது, உருக்கம் மூட்டின் அடிவரை செல்லாமை. இதுவே கொடியது, மேலே அழகிய வரி, அடியிலே திறந்த வாய்.

மின்னோட்டம் குறைதல், குச்சியை விரைந்து நகர்த்துதல், முதல் வரியின் கசட்டை நீக்காது அடுத்ததை இடுதல் ஆகியன காரணங்களாம். 3.2 மில்லிமீற்றர்க் குச்சிக்குப் பொதுவாக 90 முதல் 130 அம்பியர் வேண்டும்; குச்சிப் பெட்டியில் குறித்த அளவையே பின்பற்றுக. மெல்லிய நீண்ட வயரில் மின்சாரம் கொண்டுவரின் வெப்பம் குறையும். துருவும் சேறும் கிறீசும் படிந்த சட்டத்தைக் கொணர்ந்து, விதைப்பு அவசரத்தில் உடனே ஒட்டித் தருமாறு நெருக்குவோரும் இக்குறையிற் பங்குடையர்.

6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தகட்டின் விளிம்புகளை, இரண்டுஞ் சேர்ந்து 60 பாகை அமையுமாறு சரிவாகச் சீவி, இடையே 2 அல்லது 3 மில்லிமீற்றர் வெளி விடுதல் நன்று. தென்கொரியாவின் சியோல் நகரில் 1994 ஒக்டோபர் 21 இல் சொங்சு பாலத்தின் ஒரு பகுதி வீழ்ந்து 32 பேர் இறந்தனர். அதன் தொங்கு உறுப்புகளின் ஒட்டுக்கள் தகட்டின் முழுத் தடிப்பிற்கும் உருகியிருக்கவில்லை.

நெல்மூடை ஏற்றிய பெட்டியின் இழுவைத்தண்டு வீதியிற் கழன்றாலும் உயிர்ச்சேதம் நேரலாம். அதன் பழைய ஒட்டின்மேல் இன்னொரு வரி இடுவித்தல் பயனற்றது. நல்ல இரும்பு தோன்றும்வரை அராவி நீக்கிய பின்னரே ஒட்டுவித்தல் வேண்டும்.

சுத்தியலால் தட்டி ஓசையைக் கேட்டு ஒட்டின் தரத்தை அறிய முடியாது. ஒட்டுமுன், அதே தடிப்புள்ள இரு கழிவுத் துண்டுகளை மூலையாக நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுவித்து, ஆறியபின் ஒட்டின் பக்கமாக மடியுமாறு அடித்து முறித்துப் பார்க்க. முறிவில் பழைய வெட்டு விளிம்பு உருகாது வழவழப்பாகத் தெரிந்தால், மின்னோட்டத்தைக் கூட்டி மறுபடியும் ஒரு சோதனை செய்விக்க.