புஷ்பப் பல்லக்குக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு

சித்ரா பௌர்ணமி ராத்திரி வேலூருக்குப் புஷ்பப் பல்லக்கு பார்க்கப் போகிறேன் என்றால் ஆம்பூரில் முதலில் வரும் கேள்வி, "யார்கூட?" யாரோடும் இல்லை என்று சொல்லிப் பாருங்கள், அப்புறம் அந்த முகங்களைப் பாருங்கள். நான் தனியாகத்தான் போனேன், பல்லக்குக்கு முன்னால் வாசிக்கிற நாதஸ்வரம் கேட்டேன், திரும்பி வந்தேன். வேன் பேசிக்கொண்டு கும்பலாகப் போன எங்கள் ஷூ கம்பெனி லைன் பெண்கள் பஞ்சுமிட்டாய் வாங்கினார்கள், ஒருத்தியைத் தொலைத்துத் தேடினார்கள், பிள்ளைக்கு ஒன்றுக்குப் போக இடம் தேடினார்கள். என்ன வாசித்தார்கள் என்று மறுநாள் கேட்டேன். "மேளம்தான்" என்றார்கள்.

2025-ல் பௌர்ணமி மே 12, திங்கட்கிழமை வந்தது. கம்பெனி விட்டதும் குளித்துவிட்டு பஸ் ஏறினால் மாதனூர், பள்ளிகொண்டா தாண்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். புது பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்தால் கோட்டை. இதெல்லாம் உங்களுக்கே தெரியும். சீக்கிரம் போய்விட்டால் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரரைப் பார்த்துவிடுங்கள். "சாமி இல்லாத கோயில்" என்று வேலூரைக் கிண்டல் பண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தை 1981-லேயே கோட்டைக்குள் கொண்டுவந்து வைத்தாகிவிட்டது. கிண்டல்காரர்கள் அதற்குப் பிறகு ஊர்ப் பக்கமே வரவில்லை போலும்.

இனி செருப்பு விஷயம். இதை மட்டும் கவனமாகப் படியுங்கள்.

கிளம்பும்போது காலில் ரப்பர் செருப்புதான் போட்டிருந்தேன். என் நாத்தனார் வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தாள். "டவுன்காரங்க வர்ற எடம் அண்ணி. ஷூ கம்பெனில வேல செய்யறவங்க ரப்பர் செருப்போட போனா பாக்கறவங்க இன்னா நெனப்பாங்க?" ரிஜெக்டில் வாங்கி வைத்திருந்த பெல்லி ஷூவை அவளே பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். ஜெர்மனிக்குப் போக வேண்டிய ஜோடி, 37 சைஸ். வலது கால் டோவுக்குப் பக்கத்தில் தையல் ஒரு மில்லி விலகியதற்காக, தரம் பார்க்கும் கியூசியில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டி ஒதுக்கியது. மற்றபடி அந்த ஷூவில் ஒரு குறை சொல்ல முடியாது. அப்பர் தையல் எங்கள் லைன் தையல்.

குறை லாஸ்டில். ஷூவை இழுத்து மாட்டி உருவம் கொடுக்கிற அந்தக் கால் அச்சு, வாங்குகிறவன் ஊர்க் காலுக்குச் செய்தது. அவர்கள் கால் விரல் பக்கம் ஒடுங்கியது. நாம் சின்ன வயதில் வெறுங்காலோடு ஓடி வளர்ந்தவர்கள், நம் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருக்கும். போதாததற்கு மே மாசத்து ராத்திரி. பகலெல்லாம் வெயில் குடித்த தார் ரோடு எட்டு மணிக்கும் சூடு விடும், கால் வீங்கும். புது ஷூவின் பின்பக்கத்தில் லைனிங்குக்குள் விறைப்பாக ஒரு கவுண்டர் இருக்கும். குதிகாலுக்குமேல் அது அறுக்க ஆரம்பித்தால் நிற்காது. லாங்கு பஜார் தாண்டுவதற்குள் இரண்டு குதிகாலிலும் தோல் உரிந்துவிட்டது. அடைத்த கடை ஒன்றின் படியில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி, கைக்குட்டையைக் கிழித்துக் கட்டிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் முன்னால் போன பல்லக்கு மண்டித் தெரு முனையில் நின்று வாசித்திருக்கிறது. வெறுங்காலோடு போய்ச் சேர்ந்தபோது ஒரு பெரியவர், "இப்பதாம்மா ஆனந்தபைரவி முடிச்சான். எங்க போன இவ்ளோ நேரம்?" என்றார். என்ன பதில் சொல்ல? ஒரு வருஷம் காத்திருந்தது அதற்குத்தான்.

எனவே பழைய செருப்பு. பார்க்கிறவர்கள் நினைப்பதை நினைத்துக்கொள்ளட்டும். அந்தக் கூட்டத்தில் யாரும் கீழே குனிந்து கால் பார்ப்பதில்லை, மல்லிகையும் கனகாம்பரமுமாகப் பல்லக்கைத்தான் பார்க்கிறார்கள்.

நிற்கிற இடத்திலும் சூட்சுமம் உண்டு. வெவ்வேறு கோயில்களின் பல்லக்குகள் வரும். ஒவ்வொன்றிலும் விளக்கு எரிய வேண்டுமே, பின்னால் ஜெனரேட்டர் வரும். பல்லக்கு அழகாகத் தெரிகிறது என்று பக்கவாட்டில் நின்றால் டீசல் புகையும் தடதடப்பும்தான் மிச்சம். மேளம் முன்னால் போகும். அதற்கும் முன்னால் போய், திருப்பம் வருகிற இடத்தில் நில்லுங்கள். கேபிள் ஒயரை மூங்கில் கழியால் தூக்கிப் பிடித்து, "லெஃப்டு, லெஃப்டு" என்று கத்தி, பல்லக்கைத் திருப்ப நேரம் பிடிக்கும். அந்த நேரமெல்லாம் நாதஸ்வரக்காரர் ராகத்தை விஸ்தாரமாக எடுப்பார். பின்னால் வரும் பல்லக்கின் பேண்டு செட் நெருங்கினால் எல்லாம் போச்சு, அடுத்த முனைக்கு நடங்கள். புறப்பாட்டு மல்லாரி வேண்டுமென்றால் பல்லக்கு கிளம்பும் இடத்திலேயே பிடிக்க வேண்டும், வழியில் கிடைக்காது.

தவில்காரருக்கு ஓரடி தள்ளி நின்றேன். விரலில் கூடு மாட்டிய கை ஒரு பக்கம், கழி பிடித்த கை ஒரு பக்கம். நாள் முழுக்கத் தோலைத் தொடுகிறவள் என்பதால் என் கண் தவிலின் தோலில்தான் போய் நின்றது. டேனரியில் பதம் போட்ட தோலில் இந்த நாதம் வராது. மெத்தென்று ஆகிவிடும். வாத்தியத்துக்குப் பச்சைத் தோலைச் சுரண்டிக் காயவைத்துத்தான் கட்டுகிறார்கள். கூட யாராவது வந்திருந்தால் அங்கே அவ்வளவு நேரம் நிற்க விட்டிருப்பார்களா?

தனியாக நிற்கும் பெண்ணுக்கு அந்த ராத்திரி பயம் இல்லை. சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வந்து காந்தி ரோடு லாட்ஜுகளில் தங்கியிருந்த வங்காளக் குடும்பங்கள் கும்பலாக வந்திருந்தன. ஓர் அம்மா ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கியபடியே பல்லக்கைப் பார்த்துக் கும்பிட்டார். அவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டேன். பாஷை தெரியாது, தர்பூசணிக் கீற்று கொடுத்தார்கள்.

திரும்பும்போது கவனம். அன்றைக்குத் திருவண்ணாமலை கிரிவலம், புது பஸ் ஸ்டாண்டு முழுக்க அந்தக் கூட்டம். அவர்களோடு முண்டாமல் கிருஷ்ணகிரி, ஓசூர் வண்டிகள் நிற்கும் பக்கம் போய், ஆம்பூர் நிற்குமா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். நான் வீடு சேர்ந்தபோது விடியப்போகிற நேரம். செவ்வாய்க்கிழமை லேட்டாக, நொண்டிக்கொண்டே உள்ளே போனேன். சூப்பர்வைசர் காலைப் பார்த்துவிட்டு, "கிரிவலமாம்மா?" என்றார். ஆமாம் என்றேன். பதினாலு கிலோமீட்டர் என்று அவரே பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். நாதஸ்வரம் கேட்கப் போனேன் என்றால் அரை நாள் லீவு போட்டிருப்பார். நீங்களும் கிரிவலம் என்றே சொல்லிவிடுங்கள்.